பட்டுக்கு அடியில் ஊர்ந்த எறும்பு

சுடலைவடிவு என்ற மருத்துவச்சிக்கு நடந்த அநியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தென்கரந்தூரில் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிப் பழகியிருந்தார்கள்: இருபத்தாறு வருடம் அவளுடைய விரல்களை இரவலாக வைத்துக்கொண்டு, இருபத்தேழாவது வருடம் அந்த விரல்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று அச்சுப் போட்டுவிட்டார்கள்.

போட்டவர் உத்தண்டம் வைத்தியர். தீட்டுப் பட்டுவிடும் என்று அவர் எந்த நோயாளியின் மணிக்கட்டையும் வெறுங்கையால் தொட்டதில்லை. பட்டுக்குத் தீட்டில்லை என்பதால் கைமேல் ஒரு பட்டுத் துண்டை விரித்து, அதன்மேல் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு அது தவம் மாதிரி இருக்கும். ஆனால் துண்டுக்கு அடியில் இன்னொரு கை இருந்தது. சவரமும் பிரசவமும் குலத்தொழிலாக இருந்த வீட்டிலிருந்து வந்த சுடலைவடிவு, அவர் உட்கார்ந்திருக்கும் பலகைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, விளக்கெண்ணெய் மணக்கும் தன் மூன்று விரல்களால் நிஜமாகவே நாடி பிடித்துக்கொண்டிருப்பாள். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம், மூன்றும் எப்படி நடக்கின்றன, எங்கே நொண்டுகின்றன என்று அவளுக்குத் தெரிந்ததும் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவாள், ஏனென்றால் அவளாக வாய் திறக்கக் கூடாது. அவர் "சொல்லு" என்பார். அவள் தாழ்ந்த குரலில் சொல்வாள். அவர் அதையே தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்.

வைத்தியரின் மூத்த மருமகளுக்கு இடுப்புவலி கண்ட அன்று, சாயங்காலத்துக்குள் ஆண் வாரிசு என்று அவர் வாசலில் கூடிய சொந்தபந்தத்துக்கு ஏற்கெனவே அறிவித்திருந்தார். பட்டுக்கு அடியிலிருந்து இரண்டு தட்டு வந்தது. அவர் "சொல்லு" என்று சொல்லவில்லை. சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்பது அந்தத் தட்டிலேயே இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரம்மா நடத்திய பிரசவ ஆஸ்பத்திரிக்கு உடனே வண்டி கட்ட வேண்டும் என்பாள், வைத்தியர் வீட்டு மருமகளே அங்கே போனால் அப்புறம் வைத்தியர் எதற்கு என்று ஊர் கேட்கும். மறுபடி இரண்டு தட்டு. விளக்கு வைப்பதற்குள் பதினோரு முறை பலகை தட்டப்பட்டது, பதினோரு முறையும் அவர் கண்ணை மூடியே இருந்தார், பிறகு தாயும் பிள்ளையும் இல்லை. அடுத்த வருடம் வெளிவந்த 'நாடித் திறவுகோல்' என்ற அவருடைய நூலின் ஒன்பதாம் இயலில், சுடலைவடிவு என்னும் மருத்துவச்சி தாய்க்கு அபாயமில்லை என்று நாடியைப் பிழைபடக் கூறியதால் இரண்டு உயிர் போயிற்று, கற்போர் இதனை எச்சரிக்கையாகக் கொள்க, என்று இருந்தது. அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவளிடம் கையை நீட்டவில்லை. ஒன்பது வருடம் அந்த விரல்கள் சும்மா இருந்தன, கடைசியில் அவள் தன் இடது மணிக்கட்டைத் தானே பிடித்தபடி செத்துப்போனாள்.

வைத்தியர் வீடு சித்த மருத்துவக் கல்லூரியாயிற்று, நூல் பாடமாயிற்று, அவளுடைய பெயர் ஒரே ஒரு இடத்தில், அதுவும் கேள்வியாக, உயிரோடு இருந்தது. 'சுடலைவடிவு என்னும் மருத்துவச்சியின் பிழை யாது?' ஐந்து மதிப்பெண். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதற்கு விடை எழுதித்தான் டாக்டரானார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் சலூன் வைத்திருக்கும் மந்திரமூர்த்தியின் மகள் முப்பிடாதியும் முதல் வருடத்தில், அடிக்கோடு போட்டு, அழகான கையெழுத்தில் எழுதினாள். ஐந்துக்கு ஐந்து.

அவள் மூன்றாம் வருடம் படிக்கும்போது, ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அது நடந்தது. பீடி சுற்றுகிற ஆவுடைத்தங்கம் முட்டுவலி என்று வந்து இடது கையை நீட்டினாள், பெண்களுக்கு இடது கையில்தானே பார்ப்பது. முப்பிடாதி மூன்று விரலை வைத்தாள். அங்கே ஏற்கெனவே மூன்று விரல்கள் இருந்தன. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆவுடைத்தங்கத்தின் கறுத்த மணிக்கட்டும் ரப்பர் வளையலும் மட்டும்தான் தெரிந்தன, ஆனால் தன் விரலுக்கும் அந்தத் தோலுக்கும் நடுவே ஒல்லியான, குளிர்ந்த, விளக்கெண்ணெய் பிசுபிசுப்புள்ள மூன்று விரல்கள் அசையாமல் படுத்திருப்பதை முப்பிடாதி தன் மூன்று விரலாலும் உணர்ந்தாள்.

ஆவுடைத்தங்கம் கையைப் பார்த்தாள், பிறகு முப்பிடாதியைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ ஒருத்திதான் புடிச்சிருக்கியா? ரெண்டு பேரு புடிச்ச கணக்கால்லா இருக்கு."

பக்கத்து மேசையிலும் அப்படியே, அதற்கடுத்த மேசையிலும் அப்படியே. நாடி வகுப்பு எடுக்கிற பேராசிரியர் சங்கரநயினார் வந்து பிடித்துப் பார்த்தார், அவருக்கும் அப்படியே. அந்த விரல்கள் சும்மா படுத்திருக்கவும் இல்லை. ஆள்காட்டி விரல் கட்டை மாதிரி கிடந்தது, நடுவிரல் எறும்பு ஊர்வது மாதிரி ஊர்ந்தது, மோதிர விரல் அடிபட்ட குருவி சிறகை இரண்டு தரம் உதறிவிட்டு நின்றுபோவது மாதிரி உதறிவிட்டு நின்றது. நாடித் திறவுகோல் ஏழாம் இயலை மனப்பாடம் செய்த யாருக்கும் அது என்ன நாடி என்று தெரியும், அது சாவு நாடி. அன்று வந்த நாற்பத்து மூன்று வெளிநோயாளிகளையும் அவசரமாக உள்ளே சேர்த்தார்கள், வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள், அழுதுகொண்டு வந்த சொந்தக்காரர்கள் தலைமாட்டில் நின்றார்கள், நாற்பத்து மூன்று பேரும் ஆஸ்பத்திரிச் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு மூன்றரை மணி பஸ் போய்விடும் என்று எழுந்து உட்கார்ந்தார்கள். யாரும் சாகவில்லை. அந்த வாரமும் சாகவில்லை.

பிறகு அது ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஊருக்குள் வந்தது. பிள்ளைகளை ரோடு தாண்டவைக்க மணிக்கட்டைப் பிடித்த தாய்மார்களுக்கு முந்திக்கொண்டு வேறு யாரோ பிடித்திருந்தார்கள். வளையல் கடையில் வளையல் மணிக்கட்டில் ஒரு இடத்தில் தயங்கி, வழிவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டதும் கீழே இறங்கியது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்து அக்கினியைச் சுற்றப் போனவன், மாமனாரைத் திரும்பிப் பார்த்து, ஏற்கெனவே ஆரோ புடிச்சிருக்காவளே என்றான், பெண்ணுடைய அத்தை, அதுக்கென்ன மாப்பிள்ளை, நீங்க மேல புடிங்க, அவ்வொ நல்லது கெட்டது பாக்க வந்தவொ என்று சொல்லிவிட்டாள், அதிலிருந்து கல்யாண வீடுகளில் 'அந்தக் கைக்கு' என்று ஒரு வெற்றிலை தனியாக எடுத்துவைப்பது வழக்கமாயிற்று. திருடனுக்கு விலங்கு மாட்டிய ஏட்டு, விரல் நசுங்கிவிடப் போகிறதே என்று ஒரு பல் தளர்த்தி மாட்டினார். டீக்கடையில் ஒரு கட்சி அது ஆற்றில் போன கர்ப்பிணியின் கை என்றது, இன்னொரு கட்சி கல்லூரிக்குப் புதுக் கட்டிடம் கட்டும்போது எலும்பு ஏதோ தட்டுப்பட்டது என்றது, இரண்டு கட்சியும் டீயைக் குடித்துவிட்டு மணிக்கட்டில் கடிகாரம் கட்டும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துக் கட்டின. தனியாக இருக்கிற கிழவர்கள் வெயில் சாய்கிற நேரத்தில் தங்கள் வலது கையைத் தாங்களே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குளிர்ச்சியா இருக்கு, ஆரோ விசாரிக்க மாதிரி இருக்கு என்றார்கள். சாவு நாடி ஊருக்குப் பழகிவிட்டது, காலையில் எழுந்ததும் அது இருக்கிறதா என்று தொட்டுப்பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டது, அதுதான் முப்பிடாதிக்குப் பொறுக்கவில்லை.

கல்லூரி வேறு வழியில் பழகிக்கொண்டது. ஒரு பயிற்சி டாக்டர் தற்செயலாகக் கைக்குட்டைக்கு மேலே நாடி பிடித்தபோது அந்த விரல்கள் தெரியவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். ஒரே வாரத்தில் சுற்றறிக்கை வந்தது: இனி நாடிப் பரிசோதனை பட்டுத் துண்டின் மேல் மட்டுமே செய்யப்பட வேண்டும், இது நிறுவனர் உத்தண்டம் வைத்தியர் கடைப்பிடித்த பழைய முறையே. மஞ்சளும் சிவப்புமாக ஐந்நூறு துண்டுகள் வந்து இறங்கின. டாக்டர்கள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பட்டுக்கு மேலே செத்தவள் விரல் தெரியவில்லை, வாஸ்தவம், உயிரோடு இருக்கிறவள் நாடியும் தெரியவில்லை, ஆனால் அதை யாரும் வெளியே சொல்லவில்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்து, வயதைக் கேட்டு, வாயில் வந்ததைச் சொன்னார்கள். சொல்வதற்கு முன்னால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார்கள், ஏனென்றால் அந்தக் கல்லூரியில் அது ஒரு சம்பிரதாயம். நூலிலேயே இருந்தது, 'பலகையில் இரு தட்டு விழுந்த பின்னரே நாடி உரைக்க வேண்டும்' என்று. மாணவர்கள் தட்டுவார்கள், பேராசிரியர் "ம், சொல்லு" என்பார், பிறகுதான் சொல்ல வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. விநாயகருக்குக் குட்டிக்கொள்வது மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தார்கள்.

முப்பிடாதி கேட்டாள். அவளுக்குக் கேட்காமல் இருக்க வராது, விடுதியில் ரசத்தில் ஏன் புளி இல்லை என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் கேட்டுவிடுவாள். வகுப்பில் எழுந்து நின்று, ஒரு சந்தேகம் சார் என்றாள், சங்கரநயினார் கண்ணாடியைக் கழற்றினார், அவள் சந்தேகம் என்றால் அரைமணி நேரம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். உத்தண்டம் வைத்தியர் நாற்பது வருடத்தில் ஒருவர் கையையும் வெறுங்கையால் தொட்டதில்லை என்று முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார், சரிதானே என்றாள். சரி என்றார். இந்த இரண்டு மாதமாக நாம் எல்லாரும் பட்டுக்கு மேலே பிடிக்கிறோம், சாருக்கு ஏதாவது தெரிகிறதா என்றாள். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்போ ஏழாம் இயல்ல, நடுவிரல்ல எறும்பு ஊருதுன்னு எழுதியிருக்காரே, அந்த எறும்பு பட்டுக்கு மேல ஊந்துச்சா சார், அடியில ஊந்துச்சா?"

வகுப்பு சிரித்தது. சங்கரநயினார் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது, அவ்வளவுதான். உட்காரும்மா, பரீட்சைக்கு எது வேணுமோ அதப் படி என்றார். முப்பிடாதி உட்கார்ந்தாள், உட்கார்ந்த பிறகுதான் தான் கேட்ட கேள்வி அவளுக்கே முழுசாகக் கேட்டது. எறும்பு அடியில்தான் ஊர்ந்திருக்கிறது. அப்படியென்றால் அடியில் ஒரு விரல் இருந்திருக்கிறது. விளக்கெண்ணெய் மணக்கிற விரல், பிள்ளைப்பேறு பார்க்கிறவளின் விரல். அந்த விரல் இன்றைக்கு ஊரிலுள்ள ஒவ்வொரு மணிக்கட்டிலும் உட்கார்ந்து ஒரே ஒரு நாடியை, அன்றைக்கு அந்த மருமகளின் கையில் பிடித்த நாடியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அது சாவு நாடி. சாவு நாடி எது என்று நூலுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த விரல்தான், அபாயமில்லை என்று அவள் சொல்லவே இல்லை. ஒன்பதாம் இயல் பொய் என்பதற்கு ஏழாம் இயலே சாட்சி. அந்தப் பொய்யைத்தான் அடிக்கோடு போட்டு எழுதினோம் என்று நினைத்தபோது முப்பிடாதிக்குத் தன் வலது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதற்கடுத்த வாய்மொழித் தேர்வில் அந்த ஐந்து மதிப்பெண் கேள்வி மறுபடி வந்தது. அவள் வாயே திறக்கவில்லை, பூஜ்ஜியம் போட்டு அனுப்பினார்கள், அந்தக் கேள்வியில் பூஜ்ஜியம் என்றால் தேர்வே தவறியதாகக் கணக்கு. இன்னொரு முறை தவறினால் ஒரு வருடம் போய்விடும், பின்னால் வருகிற பிள்ளைகளோடு மறுபடி உட்கார வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மந்திரமூர்த்தி கத்தியைத் தோல்வாரில் தீட்டியபடியே கேட்டார். கல்லூரியில் அவள் எந்த வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாமல் மூன்று வருடம் பார்த்துக்கொண்டவர் அவர், மகளைப் பார்க்க வந்தால்கூடக் கல்லூரி வாசலுக்கு வராமல் எதிர்ப்புறம் பழக்கடையில் நிற்பார்.

"எழுதிட்டு வந்திரு தாயி. அஞ்சு மார்க்குதான."

"பொய்யிப்பா."

"பொய்யின்னு எனக்குத் தெரியாதா? நம்ம சாதிய மருத்துவர்னு சர்ட்டிபிகேட்ல எழுதுதான். மருத்துவம் எங்கடே போச்சின்னு இன்னைக்கு வரைக்கும் எவனாவது கேட்டிருக்கானா? நீ ஒருத்தி டாக்டராயி வந்து கேளு. ஆகுறதுக்கு முன்னால கேக்காத."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கல்லூரிக்குத் திரும்புகிற வழியில், ஆற்றங்கரைத் தெரு முக்கில் ஒரு கல்லை நட்டு, மூன்று விரல் மஞ்சள் இழுத்து, ரப்பர் வளையலும் கண்ணாடி வளையலும் போட்டு, விளக்கெண்ணெய் விளக்கு ஏற்றியிருந்ததைப் பார்த்தாள். ஆவுடைத்தங்கம் அங்கே சூடம் காட்டிக்கொண்டிருந்தாள். முப்பிடாதி ரோட்டில் நின்று சண்டை போட்டாள். சுடலைவடிவுக்கு அநியாயம் செய்தார்கள், அது என்ன என்று ஒருத்தர் கேட்கவில்லை, கேட்கிறதுக்குப் பதிலாகக் கும்பிட்டுவிட்டுப் போகிறீர்கள், இந்த ஊரில் ஒரு பொம்பளையைக் கொன்றால் அடுத்த கோயில் கொடைக்குள் சாமியாக்கி வாயை அடைத்துவிடுவீர்கள் என்றாள். ஆவுடைத்தங்கம் சூடத்தை அவளிடமே நீட்டினாள்.

"உன் பேரே முப்பிடாதிட்டி, சாமி பேரு. உங்கப்பன் உன்னைக் கேட்டா வச்சான்? கும்பிடுதவங்களுக்கு அது ஒண்ணுதான் தெரியும். உனக்குக் கேக்கத் தெரியும்னா நீ கேளேன். ஆரு வேண்டாங்கா?"

முப்பிடாதி சூடத்தை வாங்காமல் கல்லூரியைப் பார்த்து நடந்தாள்.

தை மாதம் மறுதேர்வு. பழைய வைத்தியர் வீட்டின் நடுக்கூடத்தில், சட்டம் போட்டு மாட்டிய உத்தண்டம் வைத்தியரின் படத்துக்குக் கீழே மேசை, சங்கரநயினார் ஒரு பக்கம், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா ஒரு பக்கம், நடுவில் நோயாளி. நோயாளி ஆவுடைத்தங்கம், தேர்வுக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு உண்டு என்று வந்திருந்தாள், முப்பிடாதியைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவளுடைய இடது கைமேல் மஞ்சள் பட்டு விரித்திருந்தது.

தேர்வாளர் அம்மா தாளைப் பார்த்துக் கேட்டார். "சுடலைவடிவு என்னும் மருத்துவச்சியின் பிழை யாது?"

முப்பிடாதி அப்பாவை நினைத்தாள். எதிர்ப்புறம் பழக்கடையில் நின்றுகொண்டிருப்பார்.

"பிழை அவங்களுது இல்ல மேடம்" என்றாள். பிறகு நிறுத்தாமல் சொன்னாள், பட்டைச் சொன்னாள், எறும்பைச் சொன்னாள், முன்னுரையும் ஏழாம் இயலும் ஒன்பதாம் இயலும் ஒன்றையொன்று கழுத்தை நெரிப்பதைப் பக்க எண்ணோடு சொன்னாள், முதல் வருடம் தான் எழுதிய விடையையும் அதற்கு வாங்கிய ஐந்தையும் சொன்னாள். நான் மருத்துவர் வீட்டுப் பிள்ளை, எங்கப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் சலூன் வச்சிருக்காங்க என்பதையும் யாரும் கேட்காமலே சொன்னாள். நான் சொன்னது தப்புன்னா பட்டை எடுத்துட்டு இந்தக் கையைப் பிடிச்சுப் பாருங்க மேடம் என்றாள்.

தேர்வாளர் அம்மா பட்டின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கி, அடியில் கையை விட்டார். கையை எடுத்துக்கொண்டார். எடுத்த கையை மடியில் வைத்து மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

"நானும் இத எழுதித்தாம்மா பாஸ் பண்ணினேன்" என்றார், கிட்டத்தட்டக் கேட்காத குரலில். "இந்த விடைக்கு மார்க் போட எங்கிட்ட இருக்கிற தாள்ல இடம் இல்ல."

அவர் சங்கரநயினாரைப் பார்த்தார். சங்கரநயினார் படத்தைப் பார்த்தார். பேனா ஓடிய சத்தம் கேட்டது, சின்ன வட்டம், முடிந்துவிட்டது. முப்பிடாதியின் வருடம் அங்கே போயிற்று. போகலாம் என்றார்கள். அவள் போகவில்லை.

"அடுத்தாப்ல நாடி பாக்கணும்லா சார். அதுவும் பாடத்துல உண்டுல்லா" என்றாள்.

பட்டை எடுத்து நான்காக மடித்து மேசையில் வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள், அந்தக் கூடத்தில் யாரும் உட்காராத இடத்தில், மேசைக்குக் கீழே, ஆவுடைத்தங்கத்தின் கையைத் தன் முட்டின்மேல் இழுத்து வைத்துக்கொண்டாள். மூன்று விரலை வைத்தாள். அங்கே இருந்தன. ஆள்காட்டி விரல் கட்டையாகக் கிடந்தது, நடுவிரல் ஊர்ந்தது, மோதிர விரல் சிறகை உதறி நின்றது. ஆறு மாதமாக எல்லாரும் இதோடு கையை எடுத்துக்கொண்டார்கள். சாவு நாடிக்குமேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் எடுக்கவில்லை. மேலே மின்விசிறி சுற்றியது. நின்றுபோன விரல்கள் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தன, பிறகு நடுவிரல் மட்டும் எழுந்து, அவளுடைய நடுவிரலின் அடிச்சதையில், மெதுவாக, மரியாதையாக, இரண்டு தட்டுத் தட்டியது.

மூன்று வருடமாக முப்பிடாதியும் இதையே தட்டியிருக்கிறாள், வகுப்பில், வார்டில், பரீட்சையில், தட்டிவிட்டு அனுமதிக்காகக் காத்திருக்கிறாள். விரல்கள் காத்திருந்தன. பதில் வரவில்லை என்றதும் மறுபடி இரண்டு தட்டு. மேலே சங்கரநயினார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிற சத்தம் கேட்டது. ஆவுடைத்தங்கம் குனிந்து பார்த்து, கேளுட்டி என்றாள்.

மறுபடி இரண்டு தட்டு.

முப்பிடாதி மணிக்கட்டுக்கு மேலே குனிந்தாள், விளக்கெண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது, எந்தப் பலகையிலும் யாரும் அந்தக் கைக்குச் சொல்லியிராத மரியாதையோடு சொன்னாள்:

"சொல்லுங்க."